மாமாவின் கூஜாவும் மரக்காணத்து மணலும்

எங்கள் மாமா எங்கள் வீட்டில் தண்ணீர் குடிக்க மாட்டார்.

மற்றபடி அவருக்கு எங்கள் மேல் எந்த வருத்தமும் கிடையாது. வந்ததும் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, குழம்பு, ரசம், மோர் என்று ஒன்றையும் விடாமல் சாப்பிடுவார். சாப்பிட்டதும் கூடத்தில் துண்டை விரித்துப் படுத்து, எதிர்வீட்டுக்குக் கேட்கும்படி குறட்டை விடுவார். எழுந்து எங்கள் கன்னத்தைக் கிள்ளுவார். தண்ணீர் மட்டும் கூடாது. வருஷா வருஷம் கார்த்திகைக்குத் தன் தங்கைக்கு, அதாவது எங்கள் அம்மாவுக்கு, அவர் சீர் கொண்டுவருவார். ஒரு கையில் புடவை, பொரி, வெல்லம், வாழைப்பழம் எல்லாம் அடைத்த பை. இன்னொரு கையில் திருகு மூடி போட்ட பெரிய பித்தளைக் கூஜா. கூஜா நிறைய அவருடைய கோலியனூர்க் கிணற்றுத் தண்ணீர். கோலியனூரிலிருந்து விழுப்புரத்துக்கு ஒரு பஸ், விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு ஒரு பஸ். இரண்டிலும் அந்தக் கூஜா கைக்குழந்தை மாதிரி அவர் மடியில் உட்கார்ந்து வரும்.

வாசற்படி ஏறியதும் கூஜாவை அம்மாவிடம் கொடுத்துவிடுவார். சாப்பாட்டின்போது அம்மா அதிலிருந்து அவருக்கு ஒரு டம்ளர் ஊற்றி வைப்பாள். அவ்வளவு பெரிய கூஜாவைச் சுமந்துவந்து மனிதர் குடிப்பது என்னவோ அந்த ஒரு டம்ளர்தான். மிச்சத்தைத் திரும்ப எடுத்துப்போக மாட்டார், பஸ்ஸில் வீண் சுமை என்பார். காலிக் கூஜாதான் கோலியனூர் திரும்பும். மிச்சத் தண்ணீரை அம்மா ஒரு சின்னப் பானையில் ஊற்றி மூடி, மறுநாளும் அதற்கு மறுநாளும் கொஞ்சம் கொஞ்சமாகத் தானே குடித்துத் தீர்ப்பாள். எங்களைத் தொட விடமாட்டாள். எனக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. ஆறிப்போன காப்பி, அடிப்பிடித்த சோறு, நாங்கள் கடித்துப் போட்ட முறுக்கு என்று வீட்டில் வீணாகப் போகிற எதையும் அம்மாதான் சாப்பிடுவாள். மாமா மிச்சம் வைத்த தண்ணீரும் அந்தக் கணக்கில் சேர்ந்தது என்று நினைத்திருந்தேன்.

எங்கள் தெரு மேலும் தப்பு உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கள் தெருக் கிணற்றுத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. வாய் கொப்பளித்தால் உப்பு அதிகமான ரசத்தைத் துப்பியது போல இருக்கும். குடிப்பதற்கும் சமைப்பதற்கும் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருந்த கழனிக் கிணற்றிலிருந்து அம்மா குடம் குடமாகச் சுமந்து வருவாள். அதற்குத் தெருவில் ‘நல்ல தண்ணி’ என்று பெயர். உப்பு கொஞ்சம் குறைவு என்பதைத் தவிர அதில் பெரிய நல்லது எதுவும் கிடையாது. மழை வந்தால் ஓட்டுக்கூரைத் தண்ணீரைப் பிடித்துத் துணி துவைப்போம். பாசியும் காக்கை எச்சமும் கலந்து பழுப்பாக வரும் அதைக் குடிக்கலாம் என்று யாருக்கும் தோன்றியதில்லை.

அப்பா திண்டிவனத்துக்கும் மரக்காணத்துக்கும் நடுவே ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டர். வீட்டிலும் கண்டக்டர்தான். சாப்பிட உட்கார்ந்தால் “உள்ள தள்ளி உக்காரு” என்பார். அவருக்குக் கோபமே வராது, ஒரே ஒரு விஷயத்தைத் தவிர. அவருடைய கல்யாணப் பந்தியில் மாமா யாரிடமோ, “திண்டிவனத்துக்குப் பொண்ணக் குடுத்தா மட்டும் போதாது, கூடவே ஒரு கெணத்தையும் குடுத்தனுப்பணும்” என்று சொல்லியிருக்கிறார். அந்த வார்த்தை பாயசத்தோடு சேர்ந்து இலை இலையாக நகர்ந்து மாப்பிள்ளையின் காதுக்கு வந்து சேர்ந்துவிட்டது. அன்றிலிருந்து கூஜாவைப் பார்க்கும்போதெல்லாம் அப்பாவுக்கு முகம் சுருங்கிவிடும். வாயைத் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டார். மச்சான் பஸ் ஏறிய பிறகு அம்மாவிடம் பேச்சைக் குறைத்துக்கொள்வார். கார்த்திகை கழிந்த ஒரு வாரம் எங்கள் வீட்டில் தீபம் எரியும், பேச்சு எரியாது.

எண்பதுகளின் நடுவில் ஒரு வருஷம், நான் நான்காம் வகுப்பு படித்தபோது, இதற்கு ஒரு முடிவு கட்டுவது என்று அப்பா தீர்மானித்தார். காரணம் என் அண்ணனின் அறிவியல் பாடப் புத்தகம். அண்ணன் பரீட்சைக்காக ‘நீரைத் தூய்மையாக்கும் முறை’யைத் தெருவுக்கே கேட்கும்படி ஒப்பித்துக்கொண்டிருந்தான். அப்பா மீசையை மழித்துக்கொண்டிருந்தவர் பாதி மீசையோடு வந்து புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். ஒன்றின் மேல் ஒன்றாகப் பானைகள். ஒன்றில் சரளைக்கல், ஒன்றில் மணல், ஒன்றில் கரி. மேலே அழுக்குத் தண்ணீர் போகிறது, கீழே நல்ல தண்ணீர் சொட்டுகிறது. அப்பா வெகுநேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மழைத் தண்ணிக்கு ஏது உப்பு? அழுக்கு மட்டும்தானே. அத்த எறக்கிட்டா, கோலியனூரு இன்னா பெரிய கோலியனூரு” என்றார்.

இந்தக் கார்த்திகைக்கு மச்சான் எங்கள் வீட்டில் எங்கள் தண்ணீரைக் குடித்தே ஆக வேண்டும் என்பது அப்பாவின் சபதம். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, அவர் சுபாவம் அப்படி, விட்டுவிடக் கூடாதா என்றாள். அப்பா விசில் ஊதாத குறை. வண்டி கிளம்பிவிட்டது, இனி நிற்காது.

அந்த ஐப்பசி மாதத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பும் சந்தோஷமும் வரும். அப்படி ஒரு மழை. அப்படி ஒரு வேலை. கூரை இறக்கத்தில் அப்பா தகரத்தை வளைத்துக் கட்டினார். முதல் மழையைப் பிடிக்கக் கூடாது, அது கூரையைக் கழுவிவிட்டுப் போகட்டும் என்று அம்மா சொன்னாள். அதை மட்டும் அப்பா கேட்டுக்கொண்டார். நானும் அண்ணனும் அந்த முதல் மழையில் தகரத்துக்கு அடியில் நின்று, காக்கை எச்சத்தோடு சேர்ந்து குளித்து, முதுகில் அடி வாங்கினோம். பிறகு வந்த தண்ணீர் வாயில் வேட்டித்துணி கட்டிய டிரம்மில் இறங்கியது. பானைகளின் அடியில் அப்பா ஆணியால் துளை போட்டார். ஒரு பானை உடைந்தது. இன்னொன்றும் உடைந்தது. மிச்சப் பானைகளை அம்மா வாங்கி, தண்ணீரில் ஊறவைத்து, மெதுவாகத் திருகித் துளை போட்டுக் கொடுத்தாள். கரியைப் புளியங்கொட்டை அளவுக்கு உடைத்துக் கழுவுவது எங்கள் இருவரின் வேலை. கழுவி முடித்தபோது கரி ஓரளவு சுத்தமாகியிருந்தது, எங்களைத்தான் அடையாளம் தெரியவில்லை. அண்ணன் அதே முகத்தோடு கடைக்குப் போய்ச் சீயக்காய் கேட்க, கடைக்காரர் அவனை வேறு யாரோ என்று நினைத்துக் கடன் தர மறுத்துவிட்டார்.

மணல்தான் பாக்கி. பாலாற்று மணல், தென்பெண்ணை மணல் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஏரிக்கரை மணல் பக்கத்திலேயே கிடைத்தது. அப்பா அதைக் கையில் அள்ளி, மஞ்சளாக இருக்கிறது, மண் வாசனை அடிக்கிறது என்று உதறினார். இரண்டு நாள் கழித்து அவருடைய பஸ்ஸின் மேலிருந்து ஒரு சாக்குமூட்டை எங்கள் வாசலில் இறங்கியது. திறந்து பார்த்தால், அப்படி ஒரு வெள்ளை. ரவை மாதிரி ஒரே சீராக, ஒரு தூசு தும்பு இல்லாமல். தினமும் மரக்காணத்தில் டிரிப் முடிந்து வண்டி திரும்பும் இடத்துக்கு அருகில் கிடந்த கடற்கரை மணல். நாள் முழுக்க உப்பு மூட்டைகளுக்கு லக்கேஜ் டிக்கெட் கிழிக்கிற மனிதருக்கு அதில் தோன்ற வேண்டியது தோன்றவில்லை.

சரளையும் கரியும் கழுவியாயிற்று, மணலைக் கழுவ வேண்டாமா என்று அம்மா கேட்டாள். அப்பா சிரித்தார்.

“கடலே ராத்திரி பகலா கழுவி வெச்சிருக்கற மணலு. அத்த நம்ம வூட்டு உப்புத் தண்ணியில கழுவினா அழுக்காயிடும்.”

அவர் சொன்ன விதத்தில் எங்களுக்கும் அது நியாயமாகவே பட்டது. அண்ணன் புத்தகத்தைப் பார்த்து, மணல் என்றுதான் போட்டிருக்கிறது, எந்த மணல் என்று போடவில்லை என்று சான்று சொன்னான்.

கார்த்திகைக்கு முந்தின நாள் மாலை அப்பா டிரம் தண்ணீரை மேல் பானையில் ஊற்றினார். எல்லாரும் சுற்றி உட்கார்ந்து பார்த்தோம். வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு அடிப்பானையில் ஒரு சொட்டு விழும் சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று. அப்பா டார்ச் அடித்துக் காட்டினார். பானையின் அடி தெரிந்தது, தண்ணீர் இருப்பதே தெரியவில்லை. அம்மா தன் பங்குக்குத் தேற்றாங்கொட்டையை அந்தப் பானையின் உட்புறத்தில் இழைத்துவிட்டாள். மிச்சமிருக்கிற கசடும் அடியில் தங்கிவிடுமாம். காலையில் அதை நன்றாகக் கொதிக்க வைத்து ஆற்றிப் புதுப்பானையில் ஊற்றினார்கள். அப்பா அதன் வாயில் வெள்ளைத்துணி கட்டி, முதல் டம்ளர் மச்சானுக்கு, அதுவரை யாரும் தொடக் கூடாது என்று உத்தரவு போட்டார். தானும் தொடவில்லை. அவ்வளவு நம்பிக்கை.

மாமா வந்தார். வழக்கம்போல் பை, வழக்கம்போல் கூஜா. அம்மா கூஜாவை வாங்கி அடுப்படி மூலையில் வைத்தாள். அப்பா அன்றைக்கு லீவு போட்டிருந்தார். மச்சானை உட்காரக்கூட விடாமல் பின்பக்கம் அழைத்துப் போய் டிரம்மையும் தகரத்தையும் பானைகளையும் காட்டினார். ஊர் ஊராக நிறுத்தம் சொல்வது போலவே விளக்கினார்: இங்கே சரளை, இலை தழை எல்லாம் இறங்கிக்கும். இங்கே மணல், மண் தூசு இறங்கிக்கும். இங்கே கரி, வாசனை இறங்கிக்கும். மாமா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

எனக்கு ஆசை தாங்கவில்லை. இத்தனை நாள் கரி கழுவியவளுக்கு ஒரு வாய் இல்லையா? எல்லாரும் பின்பக்கம் இருந்த நேரத்தில் துணியை விலக்கி, கையால் அள்ளிக் குடித்தேன். குடித்தவள் அப்படியே நின்றுவிட்டேன். அடுப்படிக்கு ஓடி அம்மாவின் புடவையைப் பிடித்து இழுத்து, தண்ணீர் கரிக்கிறது என்றேன். அம்மா நம்பவில்லை. ஒரு கரண்டி மொண்டு நாக்கில் விட்டுப் பார்த்தாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்தால், எங்கள் தெருக் கிணறே பரவாயில்லை என்று தோன்றியது. வானத்திலிருந்து சுத்தமாக இறங்கிய தண்ணீரில், ஒரு மாதமாகப் பாடுபட்டு, கடலைக் கலந்து வைத்திருந்தோம்.

கூடத்தில் இலை போட்டாயிற்று. “இந்தா, மச்சானுக்கு மொதல்ல நம்ம தண்ணி கொண்டா” என்று அப்பாவின் குரல் கேட்டது. அம்மா ஒரு நொடி அசையாமல் நின்றாள். பிறகு என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தாள். மூலையிலிருந்த கூஜாவின் மூடியைத் திருகி, அதிலிருந்து எங்கள் வீட்டு எவர்சில்வர் டம்ளரில் தளும்பத் தளும்ப ஊற்றி எடுத்துப்போய் இலைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அப்பா மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். மாமா டம்ளரை எடுத்தார். தயங்கினார். தங்கைக்காகத்தான் என்பது போல ஒரு மடக்கு குடித்தார். உடனே டம்ளரை இறக்கி அதற்குள் பார்த்தார். பிறகு நிமிர்ந்து அடுப்படி வாசலில் நின்ற அம்மாவைப் பார்த்தார். அம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள்.

“நல்லாகீது மாப்ள” என்றார் மாமா மெதுவாக. “எங்க ஊருத் தண்ணி மாதிரியே கீது.”

அந்தச் சமயத்தில் அப்பாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பஸ்ஸுக்கே சொந்தக்காரராகிவிட்டவர் போல் இருந்தார். இத்தோடு நின்றிருந்தால் பிழைத்தோம். அப்பாவுக்கு நிறுத்தத் தெரியவில்லை. மச்சானுக்கு இன்னொரு டம்ளர் என்றார். மாமா, வேண்டாம், போதும் என்று டம்ளர்மேல் கையை வைத்து மறைத்தார். குழம்புக்கே மறைக்காத கை அது. அப்பா விடவில்லை. அம்மா இரண்டாவது டம்ளர் கொண்டுவந்தாள். பிறகு அப்பா தனக்கும் ஒன்று வாங்கிக் குடித்துவிட்டுக் கண் கலங்கினார். அண்ணனுக்கு ஒன்று. வாசலில் போன எதிர்வீட்டு வாத்தியாரைக் கூப்பிட்டு அவருக்கு ஒன்று. வாத்தியார் குடித்துவிட்டு, இளநீர் தோற்றது என்று சொல்லித் தன் மனைவியையும் கூப்பிட்டார். ஒவ்வொரு முறையும் அப்பா “இன்னொன்னு” என்று குரல் கொடுக்க, உள்ளே அம்மா கூஜாவைச் சாய்த்தாள். மாமா மட்டும் ஒவ்வொரு டம்ளருக்கும், ‘எதுக்கு மாப்ள, வுடுங்க மாப்ள’ என்று கெஞ்சாத குறையாகத் தடுத்துக்கொண்டிருந்தார். இவ்வளவு கஞ்சத்தனமா என்று எனக்கு அவர்மேல் கோபமாகக்கூட வந்தது.

உள்ளே நானும் அம்மாவும் சத்தம் வராமல் சிரித்ததில் எனக்கு வயிறு வலித்தது. அம்மா அப்படிச் சிரித்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை. கடைசி டம்ளருக்கு அவள் கூஜாவைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்ட வேண்டியிருந்தது. அது போன பிறகு, மூடியின் உட்புறத்தில் ஒட்டியிருந்த ஈரத்தை விரலால் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டாள். இதுவும் உப்பா என்று பார்க்கிறாள் என்று நினைத்தேன்.

மாமா கிளம்பும்போது அப்பா காலிக் கூஜாவைத் தானே எடுத்துவந்து கொடுத்து, இனிமேல் இதைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம், இங்கே உங்கள் ஊர்த் தண்ணீரே கிடைக்கிறது என்றார். மாமா, சரி மாப்பிள்ளை என்று கூஜாவை வாங்கிக்கொண்டு, அம்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். அந்த வருஷம் கார்த்திகை கழிந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் ஒரே பேச்சும் சிரிப்பும்தான்.

மாமா போன மறுநாள் விடியற்காலையில் அப்பா பானையில் மொண்டு குடித்து, துப்பி, என்ன ஆயிற்று என்று அலறியதைத் தனியாகச் சொல்ல வேண்டும். மணல் நேற்று வரைக்கும் தாங்கியிருக்கிறது, இன்றைக்குக் கெட்டுவிட்டது போலிருக்கிறது, மாற்றிப் பாருங்கள் என்றாள் அம்மா, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். அப்பா அதையும் நம்பினார். கடல் மணல் வாசலில் கொட்டப்பட்டது. விழுப்புரத்துக்கு அந்தப் பக்கமிருந்து ஆற்று மணல் வந்தது. அதை நாங்களே மழைத் தண்ணீரில் அலசி அலசிப் போட்டோம். தண்ணீர் உண்மையிலேயே நன்றாக வந்தது. மழைக்காலம் முடியும் வரை அம்மா குடத்தோடு ரயில் பாதையைத் தாண்ட வேண்டியிருக்கவில்லை. எதிர்வீட்டு வாத்தியாரும் அதே போல மூன்று பானை வைத்தார். ஆனாலும் அப்பாவுக்குத் திருப்தி இல்லை. குடித்துவிட்டு ஒவ்வொரு முறையும், நல்லாத்தான் இருக்கிறது, ஆனால் முதல் நாள் வந்த மாதிரி வரவில்லை என்பார். கடைசிவரை அந்த முதல் நாள் தண்ணீரை அவர் மறக்கவேயில்லை.

அடுத்த கார்த்திகை வந்தது. பானைகள் தயாராக இருந்தன. தண்ணீர் இனித்தது, நானே குடித்துப் பார்த்திருந்தேன். மாமா தெருமுனையில் திரும்பினார். ஒரு கையில் பை. இன்னொரு கையில் அதே கூஜா.

அப்பாவின் முகம் மாறுவதற்குள் மாமா முந்திக்கொண்டார்.

“தப்பா நெனச்சிக்காதீங்க மாப்ள. வவுறு கெட்டுப் பூட்ச்சி. விழுப்புரத்து டாக்டரு வேற தண்ணியே தொடக் கூடாதுன்டாரு. உங்க தண்ணிய வுட்டுட்டு இத்தக் குடிக்கணும்னு என் தலையெழுத்து.”

அப்பா உருகிப்போய்விட்டார். மச்சானைக் கைத்தாங்கலாக உள்ளே அழைத்துப்போய் உட்கார வைத்து, மிளகு ரசம் மட்டும் போதும் என்று உத்தரவிட்டார். வயிறு கெட்டுப்போன மாமா பாவம், அன்றைக்குக் குழம்பே கேட்கவில்லை. வடைகளை மட்டும் ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

கூஜாவை அம்மா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன். பானையில் எங்கள் தண்ணீர் நிறைய இருக்கும்போதே, அவள் மூடியைத் திருகி ஒரு டம்ளர் ஊற்றி, அடுப்புக்குப் பக்கத்தில் நின்றவாறே, கண்ணை மூடிக்கொண்டு, மூச்சுவிடாமல் முழுவதும் குடித்தாள்.

மாமா குடிக்கும் முன்பே நீ குடிக்கிறாயே, நோயாளிக்கு வேண்டாமா என்று கேட்டேன். அம்மா என் தலையைத் தடவிவிட்டாள்.

அன்று மாலை அகல் விளக்குகளை வாசலில் வரிசையாக வைக்கும்போது, மாமாவின் வயிறு சீக்கிரம் குணமாகிவிட வேண்டும், அடுத்த வருஷம் அவர் அந்தக் கூஜாவைச் சுமக்காமல் வர வேண்டும் என்று நான் கையைக் கூப்பி மனதார வேண்டிக்கொண்டேன். நல்லவேளை, சாமி அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. அம்மா இருந்தவரைக்கும் மாமாவின் வயிறு சரியாகவே இல்லை.